அந்தியேட்டிக்கு மறுநாள்

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு நிவேதா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தவர், கோயம்புத்தூர்க்காரர். கோப்புகளை வாசித்துச் சுருக்கம் எழுதும் மென்பொருள் ஒன்றை இப்போது அங்கே பரீட்சித்துப் பார்க்கிறார்களாம்.

"சார், அது எல்லாத்துக்கும் அம்பு போடுது சார். ரெண்டு விஷயம் பக்கத்துல பக்கத்துல இருந்தாப் போதும், இதனாலதான் அதுன்னு எழுதிடுது" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்காக, ஒரு கோப்பில் காரணம் எது, ஒப்பீடு எது என்று எப்படிப் பிரித்தறிவது என நாலைந்து பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு அலுமாரியைத் திறந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். இப்போது அந்த மென்பொருள் செய்வதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது என்பதால் இதையே எழுதுகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்ல வேண்டும். மொன்றியலில் வேலைத்தலத்தில் காயப்பட்டவர்களும் வேலையால் நோய் வந்ததாகச் சொல்பவர்களும் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது, மருத்துவர் குறிப்பு, முதலாளியின் கடிதம், மருந்துக்கடைப் பட்டியல், விடுப்புத் தாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுக் காகிதம் சேரும். முடிவெடுக்கும் அதிகாரிக்கு அத்தனையையும் வாசிக்க நேரம் இராது. நாங்கள் வாசித்து ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதிக் கொடுப்போம். பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தை வைத்தே முடிவு எழுதப்படும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் இரண்டு ஆண்டுகள் பாத்திரம் கழுவினேன், பிரெஞ்சு படித்தேன். பிறகு இந்த அலுவலகத்தின் கோப்பறையில் காகிதம் அடுக்கும் வேலை கிடைத்தது. தவறான கோப்புக்குள் போய்விட்ட பக்கங்களை நான் கண்டுபிடித்துக் கொடுப்பதைக் கவனித்த மதாம் பெர்த்ரான் என்னை வாசிப்பவனாக்கினார். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவி.

அவர் வகுத்த முறை இது. முதல் வாசிப்பில் கையில் பென்சில் இருக்கக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் இரண்டு பென்சில்கள். ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது என்று காகிதம் சொன்னால் ஓரத்தில் சிவப்பில் ஓர் அம்பு. இரண்டு நிலைமைகளை, இரண்டு ஆட்களை, இரண்டு காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பச்சையில் இரண்டு சமாந்தரக் கோடுகள். மூன்றாம் வாசிப்பில் குறிகளை மட்டும் பார்த்துச் சுருக்கம் எழுத வேண்டும். "ஆகையால்", "ஆனால்" போன்ற சொற்களைத் தேடிப் பிடித்துக் குறி போடுவதை அவர் ஏற்கமாட்டார். அந்தச் சொற்கள் எழுதியவரின் விருப்பத்துக்கு வருபவை, விஷயத்தின் அமைப்பைப் பார் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பச்சைக் கோடுகளைத் தேடி முடிக்கும்வரை சிவப்புப் பென்சிலைத் தொடாதே.

பிழையை அவர் பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாம் எழுதிய தாளை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து, கடிதம் பிரிக்கும் மழுங்கல் கத்தியால் மெல்ல மெல்ல வெட்டத் தொடங்குவார். அந்த ஆப்பிள் முடிவதற்குள் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

என் முதல் மாதத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலைக் கோப்பு வந்தது. ஒரே இயந்திரத்தில் ஒரே நேர அளவு வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஒருவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மற்றவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே இயந்திரத்தில் குற்றமில்லை, இந்தப் பெண்ணின் உடல்வாகுதான் காரணம் என்று முதலாளி எழுதியிருந்தார். படிக்க நியாயமாக இருந்தது. நான் உடல்வாகிலிருந்து வீக்கத்துக்கு ஓர் அம்பு போட்டேன். மதாம் தாளைத் திருப்பி வைத்து ஆப்பிளை எடுத்தார். பதினொரு நிமிடம் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இருவருடைய படிவங்களின் முதல் பக்கத்திலும் யாரும் வாசிக்காத ஒரு கட்டம் இருக்கும்: உயரம். வீங்கிய கைக்காரி மற்றவரைவிட ஒரு சாண் குள்ளம். மேசையோ உயரமானவருக்கு அளவாகப் போட்டது. நாள் முழுக்க அவர் மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தே துணி தள்ளியிருக்கிறார்.

 முதலாளி ஓர் ஒப்பீட்டைப் பாதியில் நிறுத்திக் காட்டியிருந்தார். நான் மீதியைத் தேடாமல் அம்பு போட்டுவிட்டேன். அந்தத் தாள் அப்படியே மேலே போயிருந்தால் அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். இனி என் கையால் இப்படி நடக்காது என்று அன்று எழுதிவைத்தேன். அந்த வரியை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பெப்ரவரியில் அந்தக் கோப்பு வந்தது. விண்ணப்பித்தவரைத் தவம் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. ஜான்-டலோன் சந்தைக்கு அண்மையில் ஒரு பேக்கரியில் மாவு குழைப்பவர். இருமலும் இழுப்பும் வந்திருக்கிறது, மாவுத் தூசிதான் காரணம் என்று அவர் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மாவிலிருந்து விலகி, வருமானம் நின்றுபோகாமல், வேறு வேலை பழகலாம். ஏற்கப்படாவிட்டால் திரும்பவும் அதே மாவுத் தொட்டி. அவர் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. சம்பாதிப்பவர் அவர் ஒருவர்.

எங்கள் தளத்தில் இருந்த ஒரே தமிழன் நான். இருபத்திரண்டு பக்கக் கோப்பில் நான்காம் பக்கம் மருத்துவரின் குறிப்பு. இந்த இருமல் வருத்தம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு நோயாளி சொன்ன பதிலை மொழிபெயர்ப்பாளர் சொல்ல, மருத்துவர் பிரெஞ்சு எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதியிருந்தார்: அந்தியேட்டி. நோயாளியின் தாய் இறந்து செய்யப்பட்ட அந்தச் சடங்கு முடிந்தவுடன் கடுமையான இருமல் தொடங்கியது என்று குறிப்பு சொன்னது.

அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. உண்மையைச் சொல்வதானால் பெருமையே வந்தது. இத்தனை பேர் இருக்கும் தளத்தில் இது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். விதியை மறந்து சிவப்புப் பென்சிலை எடுத்துச் சடங்கிலிருந்து இருமலுக்கு ஓர் அம்பு போட்டேன். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. சுருக்கத்தின் அடியில் ஏழு வரியில் ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்தேன்: இது இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை; வீட்டுக்குள் ஓமம் வளர்ப்பார்கள்; கற்பூரமும் சாம்பிராணியும் எரியும்; குளிர்காலமாதலால் ஜன்னல்கள் பூட்டியிருந்திருக்கும்; கிரியை செய்யும் மகன் துக்கத்தில் உணவு குறைத்திருப்பார். ஒவ்வொரு வரியும் சரியானதுதான்.

மதாம் அதை வாசித்துவிட்டு, மிகவும் பயனுள்ள குறிப்பு என்று சொல்லித் தன் கையொப்பத்தைப் போட்டார். ஆப்பிளை எடுக்கவில்லை. அன்று மாலை நாட்குறிப்பில், "மதாம் பாராட்டினார்" என்று எழுதி, வெளியே வெப்பநிலை என்னவென்றும் எழுதியிருக்கிறேன்.

முடிவு எங்களுக்கு வராது. கோப்பு போனால் போனதுதான். தவத்தை நான் மறந்துவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து அது மீளாய்வுக்காகத் திரும்பி வந்தது. திரும்பி வரும் கோப்பை முதலில் வாசித்தவரிடம் கொடுக்கக் கூடாது என்பது ஒழுங்கு. ஆனால் மீளாய்வுக் கோப்புகளை வாசிக்கும் பெண் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தார். கட்டு என் மேசைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த காகிதம் மேலே இருந்தது. சுவாச நோய் நிபுணர் ஒருவர் தவத்தை இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்கச் சொல்லி மூச்சை அளந்திருக்கிறார். பிறகு இரண்டு வாரம் வேலைக்குப் போகச் சொல்லி அளந்திருக்கிறார். இரண்டு பத்திகளில் எண்கள். எந்தக் குழந்தையும் பச்சைக் கோடு போடும். வீட்டில் மூச்சின் அளவு கூடுகிறது, பேக்கரியில் குறைகிறது. கீழே, நெடுங்காலம் மாவில் இருந்ததால் சுவாசப்பை முழுதாகத் தேறாது என்று ஒரு வரி.

பழைய காகிதங்களைப் புரட்டினேன். நிராகரித்த கடிதம் இருந்தது. நோய்க்குறிகள் வீட்டில் நடந்த சடங்கின் புகையையும் துக்கத்தையும் தொடர்ந்து வந்தவை, வேலையோடு தொடர்பற்றவை என்று எழுதி, ஆதாரமாக வாசகரின் விளக்கக் குறிப்பைச் சுட்டியிருந்தார்கள். யார் இந்த மடையன் என்று பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு அம்பு. என் அம்பின் வாலில் ஒரு சிறிய கொக்கி இருக்கும். வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

நான் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிறகு ஒன்பதாம் பக்கத்தை எடுத்தேன். பேக்கரி முதலாளியின் விடுப்புக் கடிதம்: தாயின் மரணத்துக்காகத் தவம் இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை வரவில்லை. விரல்விட்டு எண்ணினேன். முப்பத்தொரு நாள். ஆறாம் பக்கம் மருந்துக்கடைப் பட்டியல்: தாய் இறப்பதற்கு முந்திய எட்டு மாதமும் மாதம் தவறாமல் இருமல் மருந்து வாங்கியிருக்கிறார். தாய் இறந்த மாதத்தில் வாங்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் இரண்டு போத்தல்.

மருத்துவர் குறிப்பிருந்த நான்காம் பக்கத்தோடு சேர்த்து மூன்று பக்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 

அந்தியேட்டி முடியும்வரை துடக்கு, அதாவது மரணத் தீட்டு. தாய்க்குக் கிரியை செய்யும் மகன், அதுவும் அதற்காக மாதம் முழுக்க விடுப்பெடுக்கும் ஆசாரமானவர், முப்பத்தொரு நாளும் வீட்டோடு இருந்திருப்பார். படத்துக்கு முன் விளக்கும் சாம்பிராணியும் தினமும் எரிந்திருக்கும். அந்தப் புகைக்குள் இருந்த மாதத்தில்தான் மனிதருக்கு இருமலே இல்லை. அந்தியேட்டிக்கு மறுநாள் அவர் மாவுத் தொட்டிக்குத் திரும்பினார், இருமல் திரும்பியது. அவர் மருத்துவரிடம் சொன்னது காரணம் அல்ல. நாங்கள் எல்லாரும் நாள் சொல்கிற முறையில் நாள் சொல்லியிருக்கிறார். எந்தத் தமிழனிடம் சொன்னாலும், அப்படியென்றால் அந்த ஒரு மாதமும் எப்படி இருந்தது என்றுதான் அடுத்து கேட்பான். வீட்டில் ஒரு மாதம், பேக்கரியில் ஒரு மாதம்: அந்தக் கோப்பில் இருந்தது ஓர் ஒப்பீடு. உண்மையான காரணம் அதற்குள் இருந்தது. கட்டடம் முழுவதிலும் அதைக் காணக்கூடியவன் நான் ஒருவன். அந்த நான்தான் ஓமப் புகையைப் பற்றி ஏழு வரி எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில், வாசித்தேன் என்பதற்கு அடையாளமாக, ஒரு சிறு சரி போட்டிருந்தேன்.  நான் அதை வாசிக்காமல் விட்டிருக்கவில்லை.

மதாமின் அறைக்குள் போய் மூன்று பக்கத்தையும் என் பழைய தாளையும் அவர் முன் வைத்தேன். முதல் தடவையாக நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் கண் நின்றதும் கத்தியைக் கீழே வைத்தார். அது என்ன நாள்கணக்கு என்று கேட்டார். துடக்கைப் பற்றிச் சொன்னேன். என் பழைய தாளை இன்னொரு முறை வாசித்தார். பிறகு, "உங்கள் குறிப்பு எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொன்னது. அதனால் அது சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். இரண்டு வழி இருந்தது. புதிய சுருக்கம் எழுதி நிபுணரின் அறிக்கையை முன்வைத்தால் போதும். அதற்கு மேல் எதையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பழைய குறிப்பு கோப்பில் அப்படியே நிற்கும். முதலாளியின் வழக்கறிஞர் அதைத் தூக்கிக் காட்டி, தொடக்கம் வீட்டுப் புகையில், மாவு பிறகு வந்து சேர்ந்தது என்று வாதாடலாம். அதை வீழ்த்தக்கூடியது திருத்தத் தாள் ஒன்றுதான். அதில் மூன்று கட்டங்கள்: என்னவென்று வாசித்தேன், என்னவென்று வாசித்திருக்க வேண்டும், ஏன் பிழைத்தேன். கீழே முழுப் பெயரும் கையொப்பமும். அதன் பிரதி விண்ணப்பித்தவருக்கும் போகும்.

இந்த நகரத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெயரைக் கண்டால் போதும். ஊர், தகப்பன், எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று அடுத்த ஞாயிறுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போய்வந்தேன். மூன்றாம் நாள் காலை முதல் இரண்டு கட்டங்களையும் பத்து நிமிடத்தில் நிரப்பினேன். மூன்றாவதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வேலைப்பளு என்று எழுதினேன். அன்றைய நாட்குறிப்பின்படி மேசையில் இருந்தது ஆறு கோப்பு, அது பளு அல்ல. கடைசியில் எழுதியது இது: "அந்தச் சடங்கு எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை எழுதும் ஆவலில், கோப்பில் இருந்ததை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை."

மதாம் அதை வாசித்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். தாளில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கவில்லை, ஓரத்தில் எழுதினார்.

மீளாய்வுக்கு வாசகர்களைக் கூப்பிடுவதில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஏழாம் மாடியில் சிறிய அறை. மீளாய்வு அதிகாரி, முதலாளியின் வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், மேசைக்கு அந்தப் பக்கம் தவமும் மனைவியும். தவத்துக்கு ஐம்பது வயது இராது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுவதற்கிடையில் இரண்டு தரம் நின்றார்.

அதிகாரி அந்தியேட்டி பற்றிக் கேட்டார். இம்முறை புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாள்வரை மகன் எங்கே இருப்பார், மறுநாள் எங்கே போவார், அவ்வளவுதான் சொன்னேன். மூன்று பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கேட்டேன். வழக்கறிஞர் என் பழைய குறிப்பைக் காட்டி, இதில் எந்த வரி பொய் என்று கேட்டார். ஒரு வரியும் பொய்யல்ல, எல்லாம் சேர்ந்து பொய் என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில் முடிந்தது. எழுத்தில் பிறகு வரும், ஆனால் பழைய முடிவு நிற்காது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். தவம் இனி மாவுக்குப் போக வேண்டியதில்லை.

நடைபாதையில் லிஃப்டுக்காக நின்றபோது தவத்தின் மனைவி என்னிடம் வந்தார். கையில் திருத்தத் தாளின் பிரதி, நாலாக மடித்து. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"அண்ணை, நீங்களோ முதலும் இதை வாசிச்சது?"

"ஓம்."

"தமிழ் ஆள் ஒருத்தர் வாசிச்சவர் எண்டு எங்களுக்குத் தெரியாது." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மாட்டன் எண்டு கடிதம் வந்த நேரம் இவர் நல்லா உடைஞ்சு போனார். நான்தான் சொன்னனான், இதை வாசிச்சது ஆரோ பிரெஞ்சுக்காரர், அவைக்கு அந்தியேட்டி எண்டா என்ன விளங்கும், எங்கட ஆக்கள் ஆரும் கண்டிருந்தா உடன பிடிச்சிருப்பினம் எண்டு. மூண்டு வருஷமா அதைத்தான் சொல்லிச் சொல்லி இவரை வேலைக்கு அனுப்பினனான்."

 மன்னிப்புக் கேட்பதற்குப் பிரெஞ்சில் நான் தயார்பண்ணி வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. தமிழில் ஒன்றும் இருக்கவில்லை.

லிஃப்ட் வந்தது. மனைவி உள்ளே போனார். தவம் மூடப்போன கதவைக் கையால் மறித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்கோ அண்ணை, இடம் கிடக்கு" என்றார். அந்த நான்கு சொல்லுக்கு நடுவில் அவர் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.